நோட்டில் எழுதாத கஷாயம்

12.2.2024, திங்கள்

இது என் மகன் மாதேஷின் கம்பெனியில் கொடுத்த டைரி, போன வருஷத்தது. கிழமைகள் பொருந்தவில்லை, அதனால் மேலே நானே தேதி போட்டுக்கொள்கிறேன். பேத்தி சுசித்ராதான் கொடுத்தாள். "ஆயா, உனக்குத்தான் எழுதறதுன்னா உசுராச்சே, இந்தா" என்றாள். நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். ஆனாலும் எங்கள் ஊர் பேரிகையில் பள்ளிக்கூடத்தில் போர்டில் எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கையெழுத்து இன்னும் கெடவில்லை.

ஆஸ்பத்திரி நோட்டு வேறே இருக்கிறது. டாக்டர் சௌந்தரராஜன் வைக்கச் சொன்னது. மாதேஷ் என்ன சாப்பிட்டான், மாத்திரை எத்தனை மணிக்கு, ஒன்றுக்குப் போனது என்ன நிறம், எல்லாம் எழுத வேண்டும். மருமகள் நிர்மலா காலையில் ஆறரைக்கே கார்மென்ட்ஸ் பஸ் ஏறிவிடுவாள். அதனால் நோட்டு என் பொறுப்பு.

ஜனவரி பிறந்ததுமே கம்பெனியில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்தார்கள். என் மகனுக்கு மட்டும் மறுபடி வரச் சொல்லிவிட்டார்கள். ஈரலில் கிருமி இருக்கிறதாம், ஹெபடைட்டிஸ் பி. நேற்று வந்ததில்லையாம், பல வருஷமாக உள்ளேயே இருக்கிறதாம். அதனால் ஈரல் வீங்கியிருக்கிறது. இருபது வருஷமாகப் பல்சக்கரம் கடைகிற மிஷினில் நின்ற ஆள், இப்போது சம்பளமில்லாத லீவில் வீட்டில்.

இன்று நோட்டில் எழுதியது: காலை ராகிக் களி, கீரை. மாத்திரை ஒன்பது மணி. மதியம் சோறு, ரசம்.

எழுதாதது: வெறும் வயிற்றில் சீந்தில் கஷாயம் ஒரு டம்ளர். அது மருந்தா என்ன? நம் வீட்டுச் சுவரில் ஏறுகிற கொடி.

13.2.2024

களி இறங்கவில்லை என்று பாதியில் வைத்துவிட்டான். கஷாயத்தை மட்டும் முகம் சுளிக்காமல் குடித்தான். என் பிள்ளை.

19.2.2024

ஆஸ்பத்திரி. நோட்டைப் பார்த்துவிட்டு டாக்டர், "அம்மா, எங்க சிஸ்டர்ங்களே இவ்வளவு சுத்தமா எழுத மாட்டாங்க" என்றார். பக்கத்தில் நின்ற சிஸ்டர் சிரித்தாள். எனக்கு ஒரு சுற்று பெருத்த மாதிரி இருந்தது.

அப்புறம் அவர் சொன்னதுதான் புரியவில்லை. "கிருமி நேரா ஈரலைத் தின்னறதில்லம்மா. கிருமி உக்காந்திருக்கிற ஈரலை நம்ம ரத்தத்துல இருக்கிற காவல்காரங்கதான் அடிக்கறாங்க. அந்த அடிதான் வீக்கம்."

திருடன் வந்தால் திருடனை அடிப்பார்களா, வீட்டை அடிப்பார்களா? கேட்க நினைத்தேன். பின்னால் நாற்பது பேர் நின்றிருந்தார்கள்.

வீட்டில் எல்லாரும் ரத்தம் கொடுக்கணும் என்றார். நிர்மலாவும் சுசித்ராவும் கொடுத்தார்கள். நான் கையை நீட்டவில்லை. "எனக்கு அறுபத்தாறு வயசு. இதுவரைக்கும் ஒரு நாள் படுத்ததில்ல. எனக்கெதுக்கு?" என்றேன். நிர்மலா, "அத்தை, எல்லாருக்கும்தானே சொல்றாங்க" என்றாள். எல்லாரும் வேறே, நான் வேறே.

26.2.2024

நிர்மலாவுக்கும் பேத்திக்கும் கிருமி இல்லை. பேத்திக்குப் பிறந்தப்போ ஊசி போட்டிருக்கிறது. நிர்மலாவுக்கு அது எப்போதோ வந்து தானாகவே போய்விட்டதாம். ஒருத்தருக்கு வந்து போகும், ஒருத்தருக்கு வந்து உட்காரும். ஏன்? "உடம்பு வாகும்மா" என்றார்களாம். இதற்குப் பெயர் பதிலா?

பக்கத்து வீட்டு நாராயணம்மா வந்தாள். "அக்கா, திப்பதீக ரெண்டு துண்டு குடு, என் மருமவனுக்குச் சளி." அவள் தெலுங்கில் அப்படித்தான் சொல்வாள். எதிர் வீட்டுக் கன்னடக்காரர்களுக்கு அது அமிர்தபள்ளி. எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுப்பவள் நான்தான். கொரோனா வருஷம் பேரிகை வேலியிலிருந்து ஒரு முழம் வெட்டி வந்து வைத்தேன். இன்று ஜூஜுவாடியில் இந்தத் தெருவில் பதினோரு வீட்டில் என் கொடி ஏறியிருக்கிறது. "சீந்தில்காரம்மா வூடு எது?" என்று கேட்டால் லாரிக்காரன்கூட வழி சொல்வான். கொரோனாவில் எங்கள் தெருவில் ஒரு சாவும் இல்லை. எதிர்ப்பு சக்தி! டி.வி.யில் சொல்வதற்கு முன்னால் நான் சொன்னேன்.

4.3.2024

ரிப்போர்ட் வந்தது. பேத்தி படித்துச் சொன்னாள். கிருமி லட்சக்கணக்கில் இருந்தது ஆயிரத்துக்கு வந்துவிட்டது. மாத்திரை வேலை செய்கிறது. சந்தோஷம்.

ஆனால் ஈரல் வீக்கத்தின் எண் 186 இருந்தது இப்போது 260. நாற்பதுக்குள் இருக்க வேண்டுமாம்.

கிருமி இறங்குகிறது, வீக்கம் ஏறுகிறது. விறகை உருவிய பிறகு தீ அதிகமாக எரியுமா? டாக்டரும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாராம். சில பேருக்கு முதலில் இப்படி ஏறி அடங்கும், பார்ப்போம் என்றாராம்.

பிள்ளைக்குச் சக்தி போதவில்லை. நாளையிலிருந்து சாயங்காலமும் ஒரு டம்ளர்.

11.3.2024

பேத்தி லேப் டெக்னீஷியன் படிக்கிறாள். இரண்டாம் வருஷம். கீரை ஆய்ந்துகொண்டே அவளைப் பிடித்துக்கொண்டேன். "உங்க டாக்டர் சொன்னது எனக்கு வெளங்கல. நீ சொல்லு."

"ஆயா, ஒடம்புல இருக்கிற செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பும். இங்க கிருமி இருக்கு, ஆளு அனுப்புன்னு."

"எதுல அனுப்பும்? போன்லயா?"

"ஐயோ ஆயா! ரத்தத்துல கலக்குற துளி மாதிரி. கண்ணுக்குத் தெரியாது. சைட்டோகைன்னு பேரு."

இதில் எழுதிக் காட்டச் சொன்னேன். எழுதினாள். சைட்டோகைன். நானும் கீழே இரண்டு தரம் எழுதிப் பார்த்தேன்.

சளிக் காய்ச்சல் என்றால் சேதி வரும், ஆள் வரும், அடித்துத் தீர்த்ததும் 'போதும்' என்று இன்னொரு சேதி வரும், அடங்கிவிடும். அவள் அப்பாவுடைய கிருமி வருஷக்கணக்காக இருப்பது. 'வா வா' சேதி நிற்பதே இல்லை. அடிக்க வந்தவர்கள் நல்ல ஈரலையும் சேர்த்து அடிக்கிறார்கள். புண் ஆறி, மறுபடி புண்ணாகி, தழும்பு ஏறி, ஈரல் கெட்டியாகிவிடும். இதெல்லாம் அவள் சொன்னது.

"அப்ப எதிர்ப்பு சக்தி ஏறணுமா, எறங்கணுமா?"

"அது டேங்க்ல தண்ணி மாதிரி இல்ல ஆயா, ஏத்தறதுக்கும் எறக்கறதுக்கும்" என்று சொல்லிவிட்டுக் காலேஜுக்கு ஓடிவிட்டாள்.

பின்னே எந்த மாதிரி? அதைச் சொல்லாமல் போனாளே.

12.3.2024

கஷாயம் காலை, மாலை. நான் தப்பாக எதுவும் செய்யவில்லை. நானும் நாலு வருஷமாகக் குடிக்கிறேனே.

18.3.2024

அவன் கண் மஞ்சளாக இருக்கிறது. ஜன்னல் பக்கம் நிறுத்திப் பார்த்தேன். மஞ்சள்தான்.

20.3.2024

எண் 540.

டாக்டர் இன்று சிரிக்கவில்லை. கிருமி இன்னும் குறைந்துதான் இருக்கிறது, ஆனால் உள்ளே எதுவோ விடாமல் கிளறிக்கொண்டே இருக்கிறது என்றார். ஈரலில் ஊசி விட்டு ஒரு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டுமாம். அதற்கு பெங்களூர் போக வேண்டும். இப்படியே ஏறினால் ஈரல் நின்றுபோகலாம் என்றார். நின்றுபோகலாம் — அப்படியேதான் சொன்னார், நிர்மலாவைப் பார்த்து.

நோட்டை முதலிலிருந்து புரட்டினார். ஒவ்வொரு பக்கமாக. பிறகு மாதேஷிடம், "நாட்டு மருந்து, லேகியம், கஷாயம் ஏதாச்சும் எடுக்கறீங்களா? மறைக்காம சொல்லுங்க."

மாதேஷ் என்னைப் பார்த்தான். ஒரே ஒரு தரம்.

"இல்ல சார். எங்கம்மா எழுதுனதுதான்."

நான் வாயைத் திறக்கவில்லை.

21.3.2024

ஏன் இல்லை என்று சொன்னான்?

எனக்காக. நாலு பேர் முன்னால் டாக்டர் என்னை ஏசக் கூடாதென்று.

நான் ஏன் சும்மா இருந்தேன்? அவனாவது எனக்காக. நான் யாருக்காக?

இன்று காலை கஷாயம் வைக்கவில்லை. டம்ளரைத் தேடி அடுக்களைக்கு வந்தான். "பால் தீஞ்சிடுச்சு, அடுப்பு காலியில்ல" என்று ஏதோ உளறினேன். ஒரு பொய்க்கு இன்னொரு பொய்.

22.3.2024

கொடியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இலை நல்ல பச்சை. இதுவா? இருக்காது. எத்தனை பேர் குடிக்கிறார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே. நாராயணம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே. கிருமியின் வேலையாகத்தான் இருக்கும். அப்படியென்றால் கிருமி குறையும்போது ஏன் ஏறுகிறது? மாத்திரையின் சூடா? எனக்குத் தலை சுற்றுகிறது. அஞ்சாவது படித்தவளுக்கு இதெல்லாம்—

யானை ஞாபகம் வந்தது.

எனக்குப் பத்து வயசிருக்கும். பேரிகையில் எங்கள் ராகிக் கொல்லையில் ஒற்றை யானை இறங்கியது. விடிந்தும் விடியாத நேரம். அப்பா என் கையில் எண்ணெய் டின்னைக் கொடுத்துத் தட்டச் சொன்னார். தட்டினேன். சத்தம் கேட்டு மேல் தெரு ஆள் வந்தார்கள், பக்கத்து ஊர் ஆள் வந்தார்கள், தடியும் பட்டாசுமாக. யானை எப்போதோ காட்டுக்குத் திரும்பிவிட்டது. யாரும் என்னை நிறுத்தச் சொல்லவில்லை. நானும் நிறுத்தவில்லை. எனக்குப் பெருமை, ஊரே என் சத்தத்துக்கு வருகிறதே. வெளிச்சம் வந்த பிறகு பார்த்தால் யானை தின்றது ஒரு மூலை. மிச்சக் கொல்லை முழுக்க மனுஷக் கால்தடம். ஒரு கதிர் நிற்கவில்லை. அப்பா வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரின் மாத்திரை யானையைத் துரத்திக்கொண்டிருந்தது. நான் டின்னைத் தட்டிக்கொண்டிருந்தேனா? காலையிலும் சாயங்காலத்திலும்?

தெரியவில்லை. எனக்குத் தெரியவில்லை. ஆனால் நோட்டில் எழுதாமல் விட்டது எனக்குத் தெரியும்.

23.3.2024, சனி

போனேன். யாரிடமும் சொல்லவில்லை. கொடியில் ஒரு முழம் வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன்.

டோக்கன் கொடுக்கிற பெண், "நோயாளி எங்கம்மா?" என்றாள். "வூட்ல. தப்பு பண்ணவ வந்திருக்கேன்" என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே விட்டாள்.

கொடியை மேஜைமேல் வைத்தேன். ஜனவரி பத்தாம் தேதியிலிருந்து ஒரு வேளை, மார்ச் ஐந்திலிருந்து இரண்டு வேளை, புதன்கிழமை வரைக்கும், ஒவ்வொரு தரமும் ஒரு டம்ளர். எல்லாம் சொன்னேன். என் பிள்ளை சொன்னது பொய், அது எனக்காகச் சொன்ன பொய் என்பதையும் சொன்னேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. கொடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது காவல்காரங்களை உசுப்பி விடும்னுதானே எல்லாரும் குடிக்கறாங்க. உங்க பையன் ஈரல்ல அவங்க ஏற்கெனவே உசுப்பேறித்தான் நிக்கறாங்க. இதைக் குடிச்சு ஈரல் வீங்குனவங்களை நான் பாத்திருக்கேன். ஆனா இதனாலதான்னு இப்பவே அடிச்சுச் சொல்ல மாட்டேன். கிருமியோட ஆட்டமாவும் இருக்கலாம். திங்கக்கிழமை வந்து படுக்கட்டும். தினம் ரத்தம் பாப்போம். கொறையலைன்னா ஊசி."

"நானும் குடிக்கறனே சார். எனக்கு ஏன் ஒண்ணும் ஆவல?"

"அதுக்குத்தான் உங்க ரத்தத்தைக் கேட்டேன். நீங்க குடுக்கலையே."

கடைசியில் ஒன்று கேட்டார். "நோட்டுல இதை மட்டும் ஏம்மா விட்டீங்க?"

மருந்தென்று நினைக்கவில்லை என்று சொல்ல வந்தேன். அதுவும் பொய். நீங்கள் நிறுத்தச் சொல்லிவிடுவீர்கள் என்று தெரியும். நான் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. இதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

24.3.2024

வீட்டில் சொன்னேன். பேத்தி அழுதாள். தனக்கு அந்த வாசம் தெரிந்தும் கேட்கவில்லை என்று தன்னையே நொந்துகொண்டாள். நிர்மலா எழுந்து உள்ளே போனாள். பிறகு நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"தெனமும் எழுதுனீங்களே அத்தை. எத்தனை கரண்டி ரசம்னுகூட எழுதுனீங்க."

அவ்வளவுதான். கத்தவில்லை. என்னை நாலு வார்த்தை கேட்கக் கூடாதா இவள்?

நோட்டை எடுத்து ஜனவரி பத்தாம் தேதியிலிருந்து ஒவ்வொரு நாளிலும் ஓரத்தில் எழுதினேன். கஷாயம் ஒரு டம்ளர். கஷாயம் ஒரு டம்ளர். மார்ச் ஐந்திலிருந்து இரண்டு டம்ளர். எழுபத்தொரு நாள். இருபதாம் தேதியில் கை நின்றது. அன்று காலையிலும் கொடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறேன்.

25.3.2024

அட்மிட் செய்துவிட்டார்கள். நிர்மலா லீவு போட்டு உடன் இருக்கிறாள்.

27.3.2024

610.

28.3.2024

595. இது குறைந்ததா, நின்றதா? பேத்தி எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

1.4.2024

410. ஊசி வேண்டாம் என்று தள்ளி வைத்திருக்கிறார்கள். நிர்மலா போனில் சொன்னாள். வைக்கும் முன், "சாப்ட்டீங்களா அத்தை?" என்று கேட்டாள். எட்டு நாள் கழித்து.

9.4.2024, உகாதி

மாதேஷ் வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகிறது. கண்ணில் மஞ்சள் கொஞ்சம் இருக்கிறது, பரவாயில்லை.

நாராயணம்மா ஒப்பட்டு, அதான் போளி, கொண்டுவந்தாள். சுவரைப் பார்த்துவிட்டு, "ஏமக்கா, கொடி எங்க? யார் வெட்டுனது?" என்றாள்.

"நான்தான்."

"அய்யோ, தெருவுக்கே மருந்து அது!"

பூச்சி விழுந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"என் பிள்ளைக்கு ஈரல்ல கிருமி நாராயணம்மா. டாக்டர்கிட்ட சொல்லாம இதைக் குடுத்தேன். ஈரல் இன்னும் வீங்கிடுச்சு. இதாலயா, கிருமியாலயான்னு அவருக்கே நிச்சயமில்ல. நிறுத்துனதும் கொறையுது. உன் மருமவனுக்கு ஈரல் எப்படி இருக்குன்னு உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. தெரியாமத்தான் பதினோரு வூட்டுக்குக் குடுத்தேன்."

அவள் தட்டை என் கையில் வைத்துவிட்டுக் கிளம்பினாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். தெரியட்டும் என்றுதான் அவளிடம் சொன்னேன். மற்ற பத்து வீட்டுக்கும் நடந்து போய்ச் சொல்ல எனக்கு முகம் இல்லை.

ஒப்பட்டு நன்றாக இருந்தது. மாதேஷ் ஒன்று முழுக்கத் தின்றான்.

15.4.2024

கையை நீட்டினேன். ஒரு சின்ன ஊசி. இதற்கா இத்தனை வீம்பு?

22.4.2024

எனக்கும் இருக்கிறது. அதே கிருமி.

எத்தனை வருஷமாக என்று கேட்டேன். அநேகமாக ஆயுசு முழுக்க என்றார் டாக்டர். என் ஈரல் நன்றாக இருக்கிறது. என் எண் 28. என் உடம்பு அதைக் கண்டும் காணாமல் விட்டுவிட்டதாம். சேதி போகவில்லை, அல்லது போன சேதி அடங்கிவிட்டது. ஒரே கிருமி, என்னுள் தூங்குகிறது, அவனுள் கொல்லையை மிதிக்க வைக்கிறது. மாத்திரை வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு தரம் ரத்தம் பார்த்தால் போதும் என்றார். அப்படியானால் நான் பலசாலியா, இல்லை என் உடம்பு சோம்பேறியா? இத்தனை வருஷம் பீற்றிக்கொண்டது எதை?

"அவனுக்கு என்கிட்டயிருந்துதான் வந்துச்சா?"

"பிரசவத்துல வந்திருக்கலாம். அந்தக் காலத்துல இதுக்கு ஊசி இல்லம்மா. உங்க தப்பு இல்ல."

தப்பு இல்லாத ஒன்று, தப்பான ஒன்று. இரண்டும் நான்தான் கொடுத்தேன்.

பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மாதேஷ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "என்னம்மா மூஞ்சி இப்படி?"

"என்கிட்டயிருந்து வந்திருக்குடா உனக்கு."

"இந்தக் கோணமூக்கும்தான் உன்கிட்டயிருந்து வந்துச்சு. அதுக்கு நாப்பத்திரண்டு வருசமா நான் ஏதாச்சும் கேட்டனா?"

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். பக்கத்து சீட்டுக்காரிக்கு நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று தெரிந்திருக்காது. எனக்கும் தெரியவில்லை.

6.5.2024

96.

12.5.2024

பேத்தியைப் பிடித்து மறுபடி கேட்டேன், ஏறணுமா, எறங்கணுமா? "எப்ப நிக்கணுமோ அப்ப நிக்கணும் ஆயா" என்றாள். யார் நிறுத்துவது? எந்தச் சேதி? அவள் புத்தகத்திலேயே அது பாதிதான் இருக்கிறதாம். எனக்கு மட்டும் முழுசாகப் புரிய வேண்டும் என்றால் எப்படி?

17.6.2024, திங்கள்

மாதேஷ் இன்று முதல் ஷிப்டுக்குப் போனான். கனமான வேலை வேண்டாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததால் அளவு பார்க்கிற இடத்தில் போட்டிருக்கிறார்கள். டிபன் பாக்ஸை நிர்மலா கட்டினாள். மாத்திரையை நான் வைத்தேன்.

ஆஸ்பத்திரி நோட்டு இனி வேண்டாம் என்று டாக்டர் போன வாரமே சொல்லிவிட்டார். நான் நிறுத்தவில்லை. புதுப் பக்கத்தில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் மாதேஷ், ஒரு பக்கம் சென்னம்மாள் என்று என் பெயரையும் எழுதினேன்.

காலை ராகிக் களி, இருவரும். அவன் மாத்திரை ஒன்பது மணி. எனக்கு ரத்தம், அக்டோபரில்.

சுவர் ஓரம் வேரிலிருந்து ஒரு துளிர் வந்திருக்கிறது, ஒரு விரல் நீளம். பிடுங்கவில்லை. அதையும் நோட்டில் எழுதிவைத்தேன்.